மின்சாரக் கிட்டாரில் சுருதி நிலையாமை: காரணம் அறியும் முறை

ஹைதராபாத் நகரில் மே மாதப் பகல் வெப்பம் பல நாட்களில் 40 பாகை செல்ஷியஸை ஒட்டி நிற்கும். அவ்வெப்பத்தில் சுருதி கூட்டப்பெற்ற ஒரு மின்சாரக் கிட்டாரை 25 பாகைக்குக் குளிரூட்டப்பட்ட அரங்கினுள் கொண்டு சென்றால், சில நிமிடங்களில் தந்திகளின் சுருதி ஏறிவிடக் காணலாம். வாசிப்போர் உடனே முறுக்காணிகளைக் குறை கூறுவர். சிலர் பணம் செலவிட்டு அவற்றை மாற்றியும் விடுவர். முறுக்காணி உண்மையில் பழுதாயிருப்பது அரிது.

தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்னும் விதியை மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636-இல் வெளியிட்டார். பள்ளிச் சுரமானியில் ஆசிரியர்கள் செய்து காட்டுவதும் இதுவே. கிட்டாரின் முதல் தந்தியை எடுத்துக்கொள்வோம். அது 0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி. அதிரும் நீளம் 65 சென்டிமீட்டர். அதிர்வெண் வினாடிக்கு ஏறத்தாழ 330. இதற்கு 7 கிலோகிராம் எடைக்குச் சற்று மேற்பட்ட இழுவிசை வேண்டும். அவ்விசையால் கம்பி நீளும் அளவோ ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர்தான். ஆகவே 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமயிரின் பருமன் அளவு, கம்பி நழுவினாலும் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுருதி இறங்கிவிடும். 15 பாகை குளிர்ந்த எஃகும் அநேகமாக இதே அளவு சுருங்கும். மெல்லிய கம்பி உடனே குளிர, மரம் மெதுவாகவே குளிர்கிறது. எனவே கருவியை அரை மணி நேரம் அரங்கிலேயே வைத்திருந்து, அதன்பின் சுருதி கூட்டுதல் நன்று.

அதன் பின்னும் சுருதி நில்லாவிடில், கம்பி எங்கோ சிக்குகிறது அல்லது நழுவுகிறது என்று கொள்ளலாம். மேல்முனையில் கம்பிகள் தங்கும், தொழிலாளர் 'நட்' என வழங்கும் துண்டை முதலில் சோதிக்க. தந்தியைப் பக்கவாட்டில் நன்கு வளைத்து விடுக. சுருதி இறங்கியிருப்பின், நட்டுக்கும் முறுக்காணிக்கும் இடைப்பட்ட பகுதியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுக. சுருதி மீளுமாயின் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கியது என்பது தெளிவு. ஆணியைத் திருகும்போது 'டிங்' என்னும் ஓசை எழுவதும் இதற்கே அறிகுறி. பென்சில் முனையின் காரீயத்தைப் பள்ளத்தில் தடவினால் பெரும்பாலும் போதும். (வீணையின் பிரடை நழுவினால் சுண்ணக்கட்டித் தூள் இடுவது உராய்வைக் கூட்டுவதற்கு, இங்கே வேண்டுவது நேர்மாறு.) பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்துவதைத் தேர்ந்த தொழிலாளரிடமே விடுக.

சுருதி மீளாவிடில் ஆணித்தண்டில் உள்ள சுற்றுகளைப் பார்க்க. மெல்லிய தந்திக்கு இரண்டு, மூன்று சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அமைதல் வேண்டும். புதிய தந்தியைக் கையால் இழுத்து இழுத்துப் படியவைத்த பின்னரே நம்பலாம். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலேற்றி நிறுத்துக. பற்சக்கரத்தின் தளர்வு அவ்வாறே நீங்கும்.

1954-இல் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில், தந்திகளின் இழுவிசையைச் சுருள்வில்கள் எதிர்த்து நிற்கக் குதிரை மிதக்குமாறு அமைக்கலாம். அந்நிலையில் ஒரு தந்தி அறுந்தால் எஞ்சிய ஐந்தும் சுருதி ஏறும்; அது குறையன்று, அமைப்பின் இயல்பு.

மின்சாரக் கிட்டாருக்கே உரிய மற்றொரு தொல்லையும் உண்டு. அதிர்வை மின்னாக மாற்றும் ஏற்பியின் காந்தங்கள் தந்தியை மிகவும் நெருங்கியிருப்பின் அதனை இழுத்து அதிர்வைக் கெடுக்கும். தடித்த தந்தியை மேல்மெட்டுகளில் மீட்டும்போது, ஒற்றைச் சுரத்திலேயே விம்மல்கள் கேட்கும். எவ்வளவு திருகினாலும் சுருதி சேராது. ஏற்பியின் இரு முனைத் திருகாணிகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, விம்மல் மறையும் வரை அதனைக் கீழிறக்குக.