பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்

டீசல் வண்டியின் பானெட்டுக்குள் ‘கிரீச்’ என்று கேட்டதும் புது பெல்ட் போட்டு, மாதம் திரும்புவதற்குள் அதே சத்தத்தோடு பட்டறைக்கு வருகிறவர்கள் ஏராளம். கத்துவது பெல்ட், காரணம் பெரும்பாலும் அது சுற்றிவரும் புல்லிகளில் இருக்கிறது. ஆல்டர்நேட்டர், ஏசி கம்ப்ரசர் என்று தொடங்கி, பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பையும் இந்தப் பெல்ட்தான் ஓட்டுகிறது. சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப்பே ஆல்டர்நேட்டரின் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்பதோடு பிரேக் பெடலும் கனத்துப்போகும்.

நம்பிக்கை: காலையில் கொஞ்சம் கத்தும், சூடானால் சரியாகிவிடும்.
உண்மை: குளோ பிளக்கும் ஸ்டார்ட்டரும் பேட்டரியிலிருந்து உறிஞ்சிய மின்சாரத்தை ஈடுகட்ட, ஸ்டார்ட் ஆனவுடன் ஆல்டர்நேட்டர் முழு மூச்சாக உழைக்கிறது. அந்தப் பாரத்தில் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். சத்தம் நின்றது பாரம் குறைந்ததால். கோளாறு அப்படியே இருக்கிறது.

நம்பிக்கை: சோப்போ பெல்ட் ஸ்பிரேயோ போட்டால் போதும்.
உண்மை: அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும், சத்தம் சில நாள் அடங்கும், காரணம் மறையும். வெறும் தண்ணீர் அதைவிட நல்ல சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கையும் துணியும் படாத தூரத்தில் நின்று, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. சில நொடி நின்று மறுபடி ‘கீச் கீச்’ என்றால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

நம்பிக்கை: வெடிப்பு இல்லையென்றால் பெல்ட் நன்றாக இருக்கிறது.
உண்மை: பழைய நியோப்ரீன் பெல்ட்டுக்கு அது சரி. இப்போது வருபவை ஈபிடிஎம் ரப்பர். இவை லேசில் வெடிக்காது, டயரைப் போலத் தேயும். வரிகள் தேயத் தேய இடைப்பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் இறங்கி வழுக்கும். வரிகளில் 5 விழுக்காடு தேய்ந்தாலே வித்தியாசம் தெரியும். வெடிப்பைத் தேடாமல், தேய்மானம் பார்க்கும் கேஜை வரியில் வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: இன்னும் இறுக்கினால் நின்றுவிடும்.
உண்மை: பழைய வி-பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரமே போய்விடும். ஆட்டோமேட்டிக் டென்ஷனர் உள்ள வண்டியில் இறுக்குவதற்கே வழியில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் டென்ஷனரையே மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: டீசல் என்றால் பெல்ட் ஆடத்தான் செய்யும்.
உண்மை: டீசலின் உயர்ந்த அழுத்தத்தால் ஒவ்வொரு எரிப்பிலும் கிராங்க் வெட்டி வெட்டிச் சுழல்கிறது. கனமான ஆல்டர்நேட்டர் ரோட்டரோ ஒரே சீராக ஓடப் பார்க்கும். இந்த இழுபறியைத் தணிக்கவே பல டீசல் எஞ்சின்களில் ஆல்டர்நேட்டருக்கு கிளட்ச் புல்லி வைக்கிறார்கள். அது இறுகிப்போனால் ஐடிலில் டென்ஷனர் கை படபடவென்று துடிக்கும். பெல்ட்டைக் கழற்றி, ரோட்டரைப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்புங்கள். ஒருபுறம் ரோட்டரை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறுபுறம் தடையில்லாமல் சுழல வேண்டும். இருபுறமும் பிடித்தால் புல்லி போய்விட்டது.

புது பெல்ட் வாங்கும் முன் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்: பெல்ட் இல்லாமல் சில நொடி மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கட்டும். அப்போதும் சத்தம் வந்தால் பெல்ட் மீது பழியில்லை. வரவில்லையென்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றி, கரகரப்போ ஆட்டமோ உண்டா என்று பார்க்கட்டும். ஆயிலோ கூலன்ட்டோ ஒழுகினால் முதலில் ஒழுகலை அடைத்து, புல்லிகளைத் துடைத்த பிறகே புது பெல்ட்டை மாட்ட வேண்டும். இந்த வரிசையில் போனால் ஒரே முறையில் வேலை முடியும். பணமும் மிச்சம், நடுவழியில் நிற்கவும் வேண்டாம்.