முதுமையும் சாரீரமும்

ஆயிரவர் கூடிய அவையை ஒரு மிடற்றால் அடக்கி ஆண்ட பாடகர் ஒருவர், அறுபது ஆண்டு கடந்த பின் அதே பாட்டைப் பாடக் கேட்கின்றோம். பாட்டு அதுவே, இராகமும் அதுவே, பாடுபவரும் அவரே. ஆயினும் குரல் அதுவன்று. "சாரீரம் போய்விட்டது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறி எழுந்து செல்வோர் பலர். போனது யாது, நின்றது யாது, புதிதாய் வந்தது யாது என்று ஆராய்வோர் சிலரே. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் பொருளாம்.

இதனை எழுத எம்மைத் தூண்டியது எம் ஊரில் நிகழ்ந்ததொரு சிறு நிகழ்ச்சி. கஞ்சமலையை அடுத்துள்ள இளம்பிள்ளை, சேலை நெசவால் பெயர்பெற்ற ஊர். அங்கே நெசவாளர் குடியிற் பிறந்து, இளமை முதல் நாடக மேடையிற் பாடி வந்த முதியவர் ஒருவர் உளர். ஊரார் அவரை 'வாத்தியார்' என்றே அழைப்பர். திருவிழா இரவொன்றில், எழுபதைக் கடந்த அவர், தாம் முப்பது வயதிற் பாடிய ஐந்து கட்டைச் சுருதியிலேயே பாடத் தொடங்கினார். மேல் ஸட்ஜத்தை எட்டுமிடத்தில் குரல் இரண்டாய்ப் பிளந்தது. முன்வரிசையில் இருந்த இளைஞர் நகைத்தனர். ஆர்மோனியக்காரர் மெல்லக் குனிந்து, "வாத்தியாரய்யா, அரைக்கட்டை இறக்கிக்கட்டுங்களா?" என்றார். முதியவரோ, "இறக்கினா ஊரு என்னைக் கிழவன்னு சொல்லும், நீ வாசி" என்றார். அன்றிரவு முழுதும் அவர் இறக்கவில்லை. விளைவு, அதன்பின் மூன்று வாரம் அவருக்குப் பேச்சே எழவில்லை.

நகைத்தவருள் எம் மாணவரும் இருந்தனர் என்பதை நாணத்துடன் கூறுகின்றோம். அவர்கள் நகைத்தது அறியாமையால். முதியவர் இறக்க மறுத்ததும் அறியாமையால். இரண்டையும் நீக்குதற்கு முதலில் குரலின் இயல்பை அறிதல் வேண்டும்.

குரல் பிறக்கும் வகை

உந்தியினின்று எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாய்ப் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறினார். இக்காலத்து உடல்நூலாரும் இதே வழியிற் செல்கின்றனர். நுரையீரல் துருத்தி, குரல்வளை ஒலி பிறக்குமிடம், தொண்டையும் வாயும் மூக்கும் அவ்வொலியை நிறம் ஏற்றிப் பெருக்கும் குடம்.

குரல்வளையினுள்ளே குரல்நாண்கள் இரண்டு உள. நாண் என்னும் பெயரைக் கேட்டு வீணைத் தந்தியை எண்ணுதல் கூடாது. உள்ளே தசையும், அதன்மேல் மெத்தென்ற இழைமமும், அதன்மேல் ஈரம் பொதிந்த மெல்லிய தோலும் அமைந்த இரு மடிப்புகளே அவை. ஆடவர்க்கு இவற்றின் நீளம் ஓர் அங்குலத்திற்கும் குறைவு. பெண்டிர்க்கு அதனினும் குறைவு. கீழிருந்து வரும் காற்று இவற்றைப் பிரிக்க, அவை மீண்டும் வந்து மோத, இவ்வாறு ஆடவர் பேசும்போது வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 120 முறையும், பெண்டிர் பேசும்போது ஏறக்குறைய 200 முறையும் மோதல் நிகழ்கின்றது. ஸ்தாயி ஒன்று ஏறின் மோதல் இரட்டிக்கும்.

இம்மடிப்புகளை உயிருள்ள மனிதனிடத்தே கண்ணாற் காணும் வழியைச் செம்மையாகக் காட்டியவர் மருத்துவர் அல்லர், பாட்டாசிரியர் ஒருவரே. மானுவேல் கார்சியா என்பார் 1854-இல் சிறு கண்ணாடியொன்றைத் தொண்டையில் வைத்து, கதிரவன் ஒளியை அதன்மேல் செலுத்தித் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். 1805-இற் பிறந்து 1906-இல் மறைந்த அவர் நூறாண்டு கடந்து வாழ்ந்தவர். பாடுவோன் தன் கருவியைத் தானே அறியவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மகரக்கட்டு

குரல் மாறுவது முதுமையில் மட்டும் அன்று. பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் சிறுவர்கள் பெரிதும் அஞ்சியது மகரக்கட்டு உடைதலையே. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல்வளை விரைந்து வளர, நாண்கள் நீண்டு தடிக்க, சிறுவன் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நேற்றுவரை பெண்வேடம் பூண்டு பாடிய சிறுவன் இன்று வாய் திறக்க அஞ்சுவான். பலர் அதனோடு வேடம் இழந்தனர். எனினும் அம்மாற்றத்தைக் கண்டு, "இவன் குரல் அழிந்தது" என்று அறிவுடையோர் கூறார். "ஆண்குரல் வந்தது" என்பர். முதுமையின் மாற்றத்திற்கு மட்டும் அத்தகைய நற்பெயர் ஒன்றை நாம் வழங்கவில்லை.

முதுமையில் நிகழ்வன

முதுமையில் குரலுக்கு நேர்வனவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது துருத்தியின் தளர்ச்சி. நுரையீரலின் நெகிழ்ச்சி குறையும். விலாவெலும்புகளைச் சேர்க்கும் குருத்தெலும்பு இறுகும். ஆதலின் ஒரே மூச்சிற் பாடிய வரியை இரண்டு மூச்சிற் பாட நேரும்.

இரண்டாவது குரல்வளையின் இறுக்கம். இளமையில் குருத்தெலும்பாய் வளைந்து கொடுத்த அதன் சுவர்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் எலும்பாகும். நாண்களை இழுத்து நீட்டி மேல் ஸ்வரத்தை எட்டுதல் அதனால் அரிதாகும்.

மூன்றாவது நாண்களின் மெலிவு. உள்ளிருக்கும் தசை சுருங்கும். மேலுள்ள மெத்து தன் நெகிழ்ச்சியையும், தோல் தன் ஈரத்தையும் இழக்கும். இரண்டும் முழுதும் பொருந்தாமையால் இடையே காற்று ஒழுகும். குரலிற் கேட்கும் 'புஸ்' என்னும் கலப்பும், நெடிய கார்வையில் தோன்றும் நடுக்கமும் இவற்றால் விளைவன. ஈண்டு வியப்பான தொன்று உண்டு: மெலிவினால் முதிய ஆடவர் பேச்சுக்குரல் சற்றே உயரும், மாதவிடாய் நின்றபின் நாண்கள் தடிப்பதனால் பெண்டிர் குரல் தாழும். இளமையில் தொலைவில் நின்ற இரு குரல்களும் முதுமையில் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன.

நான்காவது செவியின் தளர்ச்சி. உயர்ந்த ஓசைகளே முதலிற் கேளாமற் போகும். தன் குரலைத் தானே செம்மையாய்க் கேளாதவன், சுருதி விலகுதலை அறியான். வேண்டாத இடத்தும் உரக்கப் பாடுவான்.

இந்நான்கும் எல்லார்க்கும் ஒரே வயதில் வருவன அல்ல. நாள்தோறும் முறையாகப் பயின்றவர்க்கு நெடுங்காலம் தாழ்த்து வரும். மூப்புக்குமுன் கத்திப் பாடியும் புகைபிடித்தும் நாண்களைப் புண்படுத்தியவர்க்கு விரைந்து வரும். செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) இயற்கையில் இனிய குரல் வாய்க்கப் பெற்றவர் அல்லர். உழைப்பால் அதனை ஆக்கிக்கொண்டவர். அவ்வாறு ஆக்கிய குரல் தொண்ணூறு வயதிலும் அவரைக் கைவிடவில்லை.

கொடுமுடியின் குரல்

எம் பகுதிக்கு அண்மையில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-இற் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். ஒலிபெருக்கி மேடைக்கு வருமுன் பாடத் தொடங்கிய தலைமுறையினர் அவர். அக்காலத்து நாடகம் இரவு முழுதும் நடக்கும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் பாட்டுக் கேட்கவேண்டும். ஆதலின் நடிகர் உயர்ந்த சுருதியில், முழு மூச்சோடு பாடினர். மேனாட்டில் இக்காலத்து ராக் இசைப் பாடகர், மின்கருவிகளின் பேரொலிக்கு ஈடாகத் தம் மிடற்றை வருத்துவது போன்றதே இதுவும். அத்தகைய உழைப்பிற் பலர் குரல் நடுவயதிலேயே தேய்ந்தது. சுந்தராம்பாளின் வெண்கலக் குரலோ நிலைத்தது.

அவர் கணவரும், மேடைப் பாட்டில் ஈடிணையற்றவருமான எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளமையிலேயே மறைந்தார். அதன்பின் 1935-இல் 'நந்தனார்' படத்தில் அம்மையார் ஆண்வேடம் பூண்டு பாடினார். அப்போது வயது 27. 1953-இல் 'ஔவையார்'; வயது 45. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965-இல், சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையிற் பிறந்த ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை, வயது 57. 1973-இல் 'காரைக்கால் அம்மையார்'; வயது 65. 1980-இல் மறைந்தார்.

இவ்வரிசையை மாணவர் ஊன்றி நோக்குக. வயது ஏற ஏற அவர் இளநங்கையின் பாட்டைத் தேடிச் செல்லவில்லை. முதிய புலவர், துறவி, அடியார் என்னும் வேடங்களை ஏற்றார். குரலிற் சேர்ந்த கனமும் கரகரப்பும் அவ்வேடங்களில் குறையாகத் தோன்றாமல் பொருத்தமாக அமைந்தன. தாளத்தின் விரைவை நம்பாமல், சொல்லைச் சொல்லாய் நிறுத்தி, பொருள் விளங்கும்படி ஓசையை நீட்டிப் பாடினார். இளமையில் உரத்தால் அவையை ஆண்டவர், முதுமையில் சொல்லின் பொருளாலும் ஆண்டார் என்பது எம் துணிபு.

டி. எம். சௌந்தரராசனையும் ஈண்டு நினைத்தல் தகும். 1922-இற் பிறந்த அவர், சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1950-இல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யிற் பாடினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுப் பாடலிலும் அவர் குரல் ஒலித்தது. அப்போது வயது 88. இவ்விரு குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர், மேலே யாம் கூறிய நான்கையும் தம் செவியாலேயே உணர்வர். ஆயினும் வல்லின மெல்லினம் பிறழாத அவர் தமிழை இரண்டிலும் ஒருங்கே கேட்பர்.

கட்டை இறக்குதல்

நிற்க. சுருதியை இறக்குதல் இழிவோ என்பதை இனி ஆராய்வோம். ஐந்து கட்டையிற் பாடும் ஆடவன் மேல் ஸட்ஜத்தைத் தொடும்போது அவன் நாண்கள் வினாடிக்கு ஏறக்குறைய 392 முறை மோதுகின்றன. மூன்று கட்டையில் அதே ஸட்ஜத்திற்கு 330 முறையே. ஒவ்வொரு வினாடிக்கும் 62 மோதல் மிச்சம். நாண்களை இழுக்கும் இழுப்பும், கீழிருந்து தள்ளும் காற்றின் அழுத்தமும் அதனோடு குறைகின்றன. ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள உறவோ சிறிதும் மாறுவதில்லை. மோகனம் மூன்று கட்டையிலும் மோகனமே. கட்டை என்பது பாட்டின் உயரமன்று. பாடுவோன் நிற்கும் தளமே ஆகும். பிறநாட்டாரும் இதனை அறிவர். ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜான் 1987-இல் தொண்டையில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பின், தம் பழம்பாட்டுகள் பலவற்றைத் தாழ்ந்த சுருதியிற் பாடலானார். கேட்க வந்த கூட்டம் குறையவில்லை.

மாணவர் அறியவேண்டுவன

எம் ஊரிற் கைத்தறியோடு விசைத்தறியும் வந்த பின், தறிக்கூடத்தில் பேசுவோர் எல்லாரும் தம்மை அறியாமலே கத்துகின்றனர். இரைச்சலில் மனிதன் தானாகவே குரல் உயர்த்துவான் என்பதை எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சுக் காதுமருத்துவர் 1911-இல் விளக்கினார். பகலெல்லாம் தறியோடு போட்டியிட்ட தொண்டை இரவிற் பாடவந்தால் அது ஏற்கெனவே களைத்த தொண்டை. தறிக்கூடத்தில் அருகிற் சென்று பேசுதலும், செவியை அடைத்துக் காத்தலும் நலம்.

அதிமதுரமும் பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம் தருவன. ஆயினும் விழுங்கும் பொருள் குரல்நாண்களைத் தீண்டுவதில்லை. உணவு செல்லும் வழி வேறு. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும். நாண்களுக்கு வேண்டுவன நீர் பருகுதலும், நீராவியும், ஓய்வுமே. கம்மிய குரலைக் கொண்டு கிசுகிசுத்தல் ஓய்வாகாது, பேசாதிருத்தலே ஓய்வாம். மூன்று வாரம் கடந்தும் கம்மல் நீங்காவிடின் மருத்துவரிடம் காட்டுதல் கடமை. அது வெறும் களைப்பாகவும் இருக்கலாம். கொடிய நோயின் முதற் குறியாகவும் இருக்கலாம்.

முடிவுரை

எம் ஊர் வாத்தியார் மருத்துவரைக் கண்டார். இரண்டு திங்கள் வாளாவிருந்தார். அடுத்த திருவிழாவில் மேடை ஏறி, ஆர்மோனியக்காரரை நோக்கி, "மூணு கட்டையிலே வை" என்று யாவரும் கேட்கக் கூறினார். அன்று அவர் மேல் ஸட்ஜத்தில் நெடிது நிற்கவில்லை, தொட்டுவிட்டு இறங்கினார். ஆனால் முன்னர் வேகத்தில் மறைந்துபோன சொற்கள் ஒவ்வொன்றும் அன்று எமக்கு விளங்கின. அரிச்சந்திரன் மயானத்தில் நின்று கலங்குமிடத்தில், அக்குரலின் நடுக்கம் அரிச்சந்திரனுடையதோ பாடுபவருடையதோ என்று பிரித்தறிய இயலவில்லை. முந்திய ஆண்டு நகைத்த இளைஞருள் ஒருவன் பாட்டு முடிந்ததும் எழுந்து சென்று, அவருக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இளமைக் குரல் இயற்கை தந்த செல்வம். அதனைக் காத்தல் இளையோர் கடன். முதுமைக் குரல் வாழ்நாள் முழுதும் பாடித் தேடிய செல்வம். அதனை ஏற்ற சுருதியில் வைத்து வழங்குதல் பாடுவோர் கடன். பொறுமையோடு செவி கொடுத்தல் கேட்போராகிய நம் கடன். மூவரும் தத்தம் கடனாற்றின், சாரீரம் தளர்ந்தாலும் பாட்டுத் தளராது.