குழாய்க்குள் பாசியும் அதைக் கட்டிவைக்கும் நூலும்

போன கோடையில் என் அரை ஏக்கர் தக்காளியில் கடைசிப் பக்கம் இருந்த ஆறு வரிசை வாட ஆரம்பித்தது. வாடல் நோயோ என்று பயந்து ரெண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையா நல்லாத்தான் இருந்தது, மண்தான் காய்ந்து கிடந்தது. டிரிப்பர்ல தண்ணியே வரலை. லேட்டரல் குழாயைக் கத்தியால் நெடுக்காகக் கீறினால், உள்ளே பழுப்பு நிறத்தில் சளி மாதிரி கொழகொழன்னு ஒரு படலம்.

தப்பு என்னுடையது. ஜீவாமிர்தத்தை ஒரே ஒரு தடவை வடிகட்டி வென்சுரி வழியா விட்டுட்டு, உடனே மோட்டாரை நிறுத்திடுவேன். 200 லிட்டருக்கு 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு போடுகிறோமே, அதில் மிஞ்சியது குழாய்க்குள்ளேயே தங்கி, வெயில் சூட்டில் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகிவிட்டது.

நாம் பாசி என்று சொல்லும் இந்தக் கொழகொழப்பை உயிர்ப்படலம் என்கிறார்கள். பாக்டீரியாக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொள்ளும் வீடு இது. மாவுச்சத்து போன்ற பசை, புரதம், இவற்றோடு டி.என்.ஏ.வும் அதில் இருக்கிறது. டி.என்.ஏ. உயிரணுவுக்குள்ளே இருக்க வேண்டிய பரம்பரைச் சரக்குதானே, வெளியே அதற்கு என்ன வேலை? செத்த பாக்டீரியாவின் மிச்சம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2002-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நாம் விதைநேர்த்திக்கு வாங்குகிற சூடோமோனாஸின் பங்காளியான, மனிதருக்கு நோய் தரும் ஓர் இனத்தை வளர்த்து, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை அதில் விட்டார்கள். படலம் உருவாகவே இல்லை. ஏற்கெனவே உருவாகி 60 மணி நேரம் வரை ஆன படலமும் கரைந்துபோனது. 84 மணி நேரம் ஆனது மட்டும் லேசாகத்தான் அசைந்தது.

மண்சுவர் வைக்கச் சேற்றில் வைக்கோல் கலந்து மிதிப்போமே, அந்த வைக்கோல் வேலையைத்தான் இந்த இழை செய்கிறது. ஈரச் சுவரில் வைக்கோலை உருவினால் சரிந்துவிடும். காய்ந்து இறுகிய பிறகு உருவ முடியுமா? பழைய படலத்தை மற்ற பசைகளும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன.

இன்னொன்று. டி.என்.ஏ. இழைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின்னூட்டச் சத்துகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதேபோல ஜென்டாமைசின் வகை மருந்துகளையும் பிடித்து, உள்ளே போகவிடாமல் தடுக்கும். படலத்துக்குள் இருக்கும் கிருமிக்கு மருந்து வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவத்தில் இந்த இழையை வெட்டும் நொதியையே மருந்தாக்கியிருக்கிறார்கள். நுரையீரலில் கெட்டிச்சளி கட்டும் ஒரு பரம்பரை நோய்க்கு, 1993 முதல் அமெரிக்காவில் அதைப் புகையாக உள்ளிழுக்கக் கொடுக்கிறார்கள். அந்தச் சளியில் இருக்கும் டி.என்.ஏ. பெரும்பாலும் நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களிலிருந்து வந்தது.

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், "அந்த நொதியை வாங்கி டிரிப்ல விட்டா என்னங்க?" என்று கேட்டார். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். வேர் நுனியில் சுரக்கும் கொழகொழப்பிலும் இதே இழை இருக்கிறது. பட்டாணி வேரில் அதை வெட்டிவிட்டுப் பார்த்தபோது, பூஞ்சை சுலபமாக உள்ளே புகுந்து வேர் நுனி அழுகியது. தக்காளி, கத்தரியில் வாடல் நோய் தரும் பாக்டீரியாவே இந்த இழையை வெட்டும் நொதியைச் சுரந்துதான் வேரின் வலையிலிருந்து தப்பிக்கிறது. அந்த வேலையை நாமே காசு கொடுத்துச் செய்ய வேண்டாம். பேசிலஸ் மாதிரி நல்ல நுண்ணுயிர்களும் வேரைச் சுற்றிப் படலம் கட்டித்தான் குடியிருக்கின்றன. குழாயில் தொல்லை கொடுக்கிற அதே வித்தை வேரில் காவலுக்கு நிற்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் "ஆசிட் விடுங்க, பிளீச்சிங் விடுங்க" என்றார்கள். ரெண்டையும் சேர்த்து விட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. தனியாக விட்டாலும் படலத்தின் மேல்தோலிலேயே குளோரின் செலவாகிவிடும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். இயற்கை வேளாண்மைச் சான்று வைத்திருப்பவர்கள், எதையும் குழாயில் விடுவதற்கு முன் சான்று தருபவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

நான் முழுசா அடைத்த ஆறு குழாய்களையும் மாற்றிவிட்டேன். செலவு வலித்தது. இப்போது ஜீவாமிர்தத்தை ஒருநாள் தெளியவிட்டு, மேல்தண்ணியை மட்டும் பருத்தித் துணியில் ரெண்டு தடவை வடிகட்டுகிறேன். விட்டு முடித்ததும் கால்மணி நேரம் வெறும் தண்ணி ஓடும். வாரம் ஒருமுறை குழாய்முனை மூடிகளைக் கழற்றி, ஒரு தடவைக்கு நாலைந்து வரிசை மட்டும் திறந்துவிடுகிறேன். எல்லாத்தையும் ஒன்றாகத் திறந்தால் வேகம் இருக்காது, படலம் உரியாது. அறுவடை முடிந்ததும் குழாயை வடித்து, உள்ளே ஈரம் நிற்காமல் காயவிட்டுச் சுருட்டுகிறேன். பஞ்சகவ்யாவைக் குழாய்ப் பக்கமே கொண்டுபோவதில்லை, தெளிப்பானோடு சரி.

நேற்று ஒன்பதாவது வரிசை மூடியைக் கழற்றினேன். முதல் ரெண்டு சொம்பு கலங்கலா வந்தது, அப்புறம் தெளிஞ்சிடுச்சு.