நீர்போன்ற வயிற்றோட்டம்: காரணமும் கைமருந்தும்

“வகுத்தால போற புள்ளைக்குத் தண்ணி குடுக்காதீங்க, குடுத்தா இன்னும் கூடும்.” எங்கள் ஊரில் உம்மம்மாமார் இப்படிச் சொல்வதுண்டு. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறும் நீரினதும் உப்பினதும் இழப்பே.

ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ மலம் இளகிப் போவதே வயிற்றோட்டம். அதன் காரணங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. வைரசு: சிறு பிள்ளைகளில் றொட்டா வைரசு முக்கியமானது. வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்து வரும்.

2. பற்றீரியா: ஈ.கோலை, கொலராக் கிருமி போன்றவை. கொலரா நச்சு சிறுகுடல் கலங்களிலிருந்து குளோரைட்டு அயன்களை வெளியேறச் செய்யும். நீரும் அதைப் பின்தொடரும். மலம் அரிசி கழுவிய நீர்போல இருக்கும்.

3. ஒட்டுண்ணி: ஜியார்டியா போன்றவை. கிழமைக்கணக்கில் நீடிக்கலாம்.

4. உணவு நஞ்சாதல்: நெடுநேரம் வெளியில் வைத்த உணவை உண்டு சில மணி நேரத்தில் தொடங்கலாம்.

5. தொற்றல்லாதவை: சில நுண்ணுயிர்கொல்லி மருந்துகள், பாலிலுள்ள லக்ரோசு சமிபாடடையாமை, தைரொயிட்டுச் சுரப்பு மிகுதல்.

கற்பிட்டிக் குடாநாடு மணற்பாங்கானது. நிலத்தடி நீர் ஆழமின்றியே கிடைக்கிறது. மலக்குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் கழிவு மணலினூடாக ஊறிக் கிணற்றைச் சேரும். ஆகவே தெளிந்த நீரெல்லாம் தூய நீரல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தோருக்கு நல்ல நீரின் அருமையை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

இன்னொரு அகதி முகாமில்தான் இந்நோய்க்கான எளிய மருந்து தன் வலிமையைக் காட்டியது. 1971இல் பங்களாதேஷ் போரினால் இடம்பெயர்ந்தோர் மேற்கு வங்காளத்தின் பொங்கானில் கொலராவால் மடிந்தனர். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, வைத்தியர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோசு ஆகியவற்றை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 வீதம் அளவிலிருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது.

காரணம் இதுதான்: குளுக்கோசும் சோடியமும் குடற்சுவரினூடாகச் சேர்ந்தே உட்செல்கின்றன, அவற்றுடன் நீரும் அகத்துறிஞ்சப்படுகிறது. கொலராவிலும் இவ்வழி அடைபடுவதில்லை. நாம் ‘ஜீவனி’ என்று வாங்கும் பக்கற்றில் இருப்பதும் இதே தத்துவமே.

ஜீவனியைப் பக்கற்றில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்க வேண்டும். 24 மணி நேரம் கடந்ததை ஊற்றிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல், மலத்தில் இரத்தம், எதையும் குடிக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஐவேளை வுளூச் செய்யும் நாம், மலசலகூடம் சென்று வந்த பின்னும் சமைக்குமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதைப் பழக்கமாக்குவோம். இனி உம்மம்மா “தண்ணி குடுக்காதீங்க” என்றால், எதிர்த்துப் பேசாமல் விளக்கிச் சொல்லி, ஒரு கோப்பை ஜீவனியை அவர் கையாலேயே பிள்ளைக்குப் பருக்கச் செய்வோம்.