தொண்டர்கள் வளர்த்த தோட்டம்: ஒரு பாடம்

கோயில் ஒன்றையோ சனசமூக நிலையம் ஒன்றையோ அமைக்க வேண்டுமானால் முதலில் நிலமும் பணமும் வேண்டும் என்பது நம்மிடையே பொதுவாக உள்ள எண்ணம். அந்த எண்ணத்தைச் சற்று மாற்றிப் பார்க்கத் தூண்டும் உதாரணம் ஒன்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் உள்ள பிரெடரிக் மையர் தோட்டமும் சிற்பப் பூங்காவுமே அந்த உதாரணம். டெற்றொயிற் நகரிலிருந்து மேற்கு நோக்கிக் காரில் இரண்டரை மணி நேரம் சென்றால் அதனை அடையலாம். இன்று 158 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்தை ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பார்வையிடுகின்றனர். நமது கோயிலைப் போலவே இதுவும் இலாப நோக்கற்ற நிறுவனம். நன்கொடையாலும் தொண்டாலும் வளர்ந்தது.

1. சங்கம் முதலில், நிலம் பின்னர்

1980களின் தொடக்கத்தில் அப்பகுதியில் செடிகொடிகளில் ஆர்வமுள்ள சிலர் ஒன்றுகூடி மேற்கு மிச்சிகன் தோட்டக்கலைச் சங்கத்தை அமைத்தனர். தமது ஊருக்கு ஒரு தாவரவியற் பூங்கா வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். ஆனால் பூங்காவுக்குரிய நிலம் அவர்களிடம் இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டிலே அவர்கள் பேரங்காடி உரிமையாளர் பிரெட் மையரையும் அவர் மனைவி லீனாவையும் அணுகினர். அத்தம்பதியினர் 70 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை வழங்கியதோடு, மார்ஷல் பிரெடரிக்ஸ் என்ற மிச்சிகன் சிற்பியின் படைப்புக்களில் தாம் சேர்த்து வைத்திருந்தவற்றையும் கொடுத்தனர். செடிகளுக்கென்று எண்ணிய இடத்திற்குச் சிற்பங்களும் வந்து சேர்ந்தது இவ்வாறே. 1995 ஏப்ரல் மாதத்தில் தோட்டம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கொடையாளியின் குடும்ப வரலாறும் நாம் அறிய வேண்டியதே. பிரெட் மையரின் தந்தையார் ஒல்லாந்து நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர், தொழிலால் முடிதிருத்துபவர். பொருளாதாரப் பெருமந்த காலத்தில், 1934இல், கிறீன்வில் என்ற சிற்றூரில் ஒரு பலசரக்குக் கடையைத் தொடங்கினார். பதினான்கு வயது மகனும் கடையிலே கூட நின்று உழைத்தார். அந்தக் கடையே பின்னர் பெரும் அங்காடித் தொடராக வளர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் ஒழுங்கு. கொடையாளி ஆட்களைத் தேடி வரவில்லை. சங்கமாகக் கூடி, என்ன வேண்டும் என்று தெளிந்து நின்றவர்களே கொடையாளியைத் தேடிச் சென்றனர். ஏதிலிகளாய் வெறுங்கையுடன் வந்த நாமும், பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமைப் பூசை நடத்திய நாட்களில் இந்த ஒழுங்கிலேயே நடந்தோம்.

2. படிப்படியான வளர்ச்சி

தொடக்கத்திலேயே ஐந்து மாடி உயரமுள்ள கண்ணாடிக்கூடம் ஒன்று அமைந்தது. வெளியே பனி மூடிக் கிடக்கும் மாதங்களிலும் அதனுள்ளே வெப்பநாட்டுத் தாவரங்கள் செழித்து நிற்கும். வாழையையும் பனையினத்து மரங்களையும் இங்கு பிறந்த நமது பிள்ளைகள் உயிருடன் பார்க்கத்தக்க இடங்களில் இதுவும் ஒன்று.

1999இல் நீனா அகாமு என்ற சிற்பி வடித்த 24 அடி உயர வெண்கலக் குதிரை நிறுவப்பட்டது. இதற்கு ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. லியனார்டோ டா வின்சி மிலான் நகரப் பிரபுவுக்காக மாபெரும் குதிரை ஒன்றைக் களிமண்ணில் அமைத்தார். வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன்னரே, 1499இல், நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் அதனை அழித்துவிட்டனர். அக்கனவினால் தூண்டப்பட்டு உருவான குதிரை ஒன்று மிலானிலும் மற்றொன்று இத்தோட்டத்திலும் நிற்கின்றன.

30 ஏக்கர் சிற்பப் பூங்கா 2002இலும், சிறுவர் தோட்டம் 2004இலும், ஹோயிச்சி குரிசு வடிவமைத்த 8 ஏக்கர் யப்பானியத் தோட்டம் 2015இலும் திறக்கப்பட்டன. பிரெட் மையர் 2011இல் காலமானார். அவருக்குப் பின்னும் வளர்ச்சி நிற்கவில்லை. 2017இல் தொடங்கிய பெரும் விரிவாக்கத்தில் புதிய வரவேற்பு மண்டபமும் கல்வி நிலையமும் எழுந்தன. அனைத்தையும் ஒரே ஆண்டில் கட்டி முடிக்க அவர்கள் முனையவில்லை என்பதை மேலே உள்ள ஆண்டுகளே காட்டும்.

பூங்காவிலுள்ள சிற்பங்களில் ரோடின், ஹென்றி மூர் ஆகியோரின் படைப்புக்களும் உண்டு. நமது வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டியது வேறொன்று. கிளேஸ் ஓல்டன்பேர்க்கும் அவர் துணைவியாரும் செய்த அது, 20 அடிக்கும் மேல் உயர்ந்து மண்ணில் குத்தி நிற்கும் ஒரு சிவப்புத் தோட்டக் கரண்டி. களை பிடுங்குபவரின் கைக்கருவி அங்கே கலைப்பொருளாகிவிட்டது. உழவாரத்தைத் தோளில் ஏந்தி நிற்கும் அப்பர் சுவாமிகளின் திருவுருவத்தை நாள்தோறும் வணங்கும் நமக்கு இது புதிதல்ல. பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொல்லலாம்.

3. தொண்டர்களின் வேலை

இத்தோட்டத்தில் சம்பளம் பெறும் தோட்டக்கலைஞர்களும் அலுவலர்களும் உள்ளனர். அவர்களுடன் பல நூறு தொண்டர்களும் பணிபுரிகின்றனர். சிலர் செடிகளைப் பராமரிக்கின்றனர். சிலர் வாயிலில் நின்று வரவேற்கின்றனர். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் குழுக்களை அழைத்துச் சென்று சிற்பங்களை விளக்குகின்றனர். நடக்க இயலாத முதியவர்களும் சுற்றிப்பார்க்கச் சிறு வண்டிகள் ஓடுகின்றன.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கண்ணாடிக்கூடத்தில் வெப்பநாட்டு வண்ணத்துப்பூச்சிகள் பறக்கவிடப்படுகின்றன. அந்நிய பூச்சியினம் வெளியே தப்பிச் செல்லக்கூடாது என்பது சட்டம். ஆகவே இத்தகைய கண்காட்சிகளில் இரட்டைக் கதவுகள் இருக்கும். வெளியேறுபவரின் உடையில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். சிறிய வேலைதான். ஆனால் அந்த ஒருவர் வராவிட்டால் கதவைத் திறக்க முடியாது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு நேரம், ஒரு பயிற்சி உண்டு என்பதே இதிலுள்ள பாடம். "வந்து ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று பொதுவாக அழைத்தால் எவரும் வரமாட்டார். "சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை இந்தக் கதவடியில் நில்லுங்கள்" என்றால் வருவார்.

4. கணக்கேட்டில் வராத தொண்டு

கணக்கியல் துறையில் உள்ள நமக்கு இங்கே ஒரு செய்தி முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கக் கணக்கியல் நியமம் ஒன்று 1993இல் வெளியானது. அதன் விதிகள் இன்றும் வழக்கில் உள்ளன. அவற்றின்படி தொண்டர்களின் உழைப்பு இரு சந்தர்ப்பங்களில் மட்டுமே வருமானமாகப் பதியப்படும். ஒன்று, அது கட்டடம் போன்ற சொத்தை உருவாக்க அல்லது மேம்படுத்த வேண்டும். மற்றது, அது தேர்ச்சி பெற்றவர் செய்யும், இல்லாவிடில் பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய சிறப்பு வேலையாக இருக்க வேண்டும். மின்வேலை தெரிந்தவர் மடைப்பள்ளிக்கு இலவசமாக மின்கம்பி பொருத்தினால் அதன் பெறுமதி கணக்கில் ஏறும். திருவிழாவன்று நான்கு மணி நேரம் பாத்திரம் கழுவிய அம்மாவின் உழைப்பு ஏறாது. களை பிடுங்கியவருடையதும் ஏறாது.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 40 பேர் வாரத்துக்கு 3 மணி நேரம் வீதம் தொண்டு செய்தால் ஆண்டுக்கு 6,240 மணி நேரம். முழுநேர ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்று கொண்டால், இது மூன்று ஊழியர்களின் உழைப்பாகும். ஐந்தொகையில் இதற்கு ஒரு வரியும் இல்லை. அந்த நாற்பதில் பத்துப்பேர் முதுமையால் ஒதுங்கினாலும் ஐந்தொகையில் எந்தக் குறையும் தெரியாது. அன்னதானம் நின்ற பின்னரே தெரியவரும்.

நமது கோயில்கள் பலவற்றில் இன்று நிகழத் தொடங்கியிருப்பது இதுவே. தொடக்க காலத்தில் தோள் கொடுத்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டனர். அதே பத்துப் பதினைந்து பேரே எல்லாவற்றையும் சுமக்கின்றனர். இளையோருக்கு மனமில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களுக்கென்று பெயருள்ள, நேரமுள்ள, கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு வேலையை நாம் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

எனவே நமது ஆலோசனை மிக எளியது. நன்கொடைப் பதிவேட்டின் அருகில் ஒரு கொப்பியை வைப்போம். பெயர், செய்த வேலை, மணி நேரம் ஆகிய மூன்றை மட்டும் எழுதுவோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நன்கொடைத் தொகையை வாசிக்கும்போது இந்த மணி நேரத் தொகையையும் வாசிப்போம்.

குடும்பமாகச் சிந்திக்கச் சில வினாக்கள்

1. தோட்டக்கலைச் சங்கத்தினர் நிலம் கிடைக்கும்வரை கூடாமல் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

2. நமது கோயிலில் ஒருவர் வராவிட்டால் நின்றுபோகும் வேலைகள் எவை? அவற்றை வேறு எவர் பழகியிருக்கிறார்?

3. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று தனியாகப் பொறுப்பேற்கத்தக்க வேலைகள் மூன்றைக் குறிப்பிடுக.

4. சென்ற மாதம் உங்கள் வீட்டார் அனைவரும் கோயிலுக்குக் கொடுத்த மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.