வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் சட்டம் தரும் உரிமை



கல்வி உதவி மனுக்களைப் பரிசீலிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகளைப் பார்க்கிறோம். வாயால் கேட்டால் பாடத்தைக் கடகடவென்று சொல்வார்கள். எழுதச் சொன்னால் பத்து மதிப்பெண் தேறாது. மக்தபிலும் அப்படித்தான். காதால் கேட்ட சூராக்கள் மனப்பாடம், முஸ்ஹஃபைத் திறந்தால் புள்ளிகளால் மட்டும் வேறுபடும் பா, தா, ஸாவில் தடுமாற்றம். உஸ்தாத் 'கவனமில்லை' என்பார், வீட்டில் 'சோம்பேறி' என்பார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நாமும் சில மனுக்களை ஒதுக்கியிருக்கிறோம்.

இந்தத் தடுமாற்றத்துக்கு டிஸ்லெக்ஸியா காரணமாக இருக்கலாம். இது அறிவுக் குறைவு அல்ல. எழுத்தை ஒலியோடு இணைப்பதில் வரும் சிரமம். குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். அடியால் தீராது. திக்கித்திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் இடத்தில் பிரம்புக்கு என்ன வேலை?

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016-இல் வந்த சட்டம் 21 வகைகளை ஏற்றது. அவற்றில் கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுவாக எட்டு வயதுக்குப் பின் அரசு மருத்துவக் குழு பரிசோதித்துச் சான்று தரும். அதைக் கொண்டு பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைக் கேட்கலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டிலும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் நேரம் போதாது.

இவ்வளவு இருந்தும் பெற்றோர் தயங்குகிறார்கள். "பொம்பளப் பிள்ளை பாய், நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார் ஓர் உம்மா. அந்தப் பயத்தை லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் 'மக்கு' என்ற பெயரோடு எட்டாம் வகுப்பில் நின்றுவிட்ட பெண்ணைப் பற்றியும் அவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? சான்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் தாள். 'மக்கு' என்ற பெயரோ தெரு முழுவதும் தெரியும்.

இவ்வாண்டு உதவி மனுவில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: பிள்ளைக்கு வாசிப்பதில், எழுதுவதில் சிரமம் உண்டா? 'ஆம்' என்று எழுதினால் மதிப்பெண்ணைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளமாட்டோம். மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் திணறுகிற பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமென்றால் நாங்களே ஆள் அனுப்புகிறோம்.