குட்டிச் சமையல்காரருக்கு எந்த விளையாட்டு?

செல்போனில் 'சமையல் விளையாட்டு' என்று தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். முகப்புப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும்: வெள்ளைத் தொப்பி, ஆவி பறக்கும் தட்டு, சிரிக்கும் முகம். உள்ளே நுழைந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்று குழந்தையை இஷ்டத்துக்குக் கலக்க விடுகிறது. ஒன்று படிப்படியாகச் செய்யச் சொல்கிறது. இன்னொன்று கெடு வைத்து விரட்டுகிறது. எதை எடுப்பது என்று குழம்பும் பெற்றோர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளலாம்: குழந்தை தவறு செய்தால் அந்த விளையாட்டு என்ன செய்கிறது?

தவறே இல்லாத அடுப்படி

ஸ்வீடனின் டோக்கா போக்கா நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'டோக்கா கிச்சன் 2' செயலியில் மதிப்பெண் கிடையாது, கடந்து போக வேண்டிய நிலைகள் கிடையாது, கெடுவும் கிடையாது. தக்காளியைப் பொரிக்கலாம், மீனைக் கருக்கலாம், எதன்மேல் வேண்டுமானாலும் சாஸ் ஊற்றி எதிரில் இருப்பவருக்கு நீட்டலாம். அவர் ரசித்துச் சாப்பிடுவார், அல்லது முகத்தைச் சுளிப்பார். அந்த முகபாவத்தைப் பார்க்கத்தான் குழந்தைகள் மறுபடி மறுபடி சமைக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் தனியாக விளையாட முடியும். ஆனால் ஒரு சமையல் முறையையும் இதிலிருந்து கற்க முடியாது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

படிக்கத் தெரியாத சின்ன வயதில் நேர அளவையும் கவனிக்க வேண்டும். 2 முதல் 4 வயதுவரை, உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

கைப்பக்குவம் பழக

ஜப்பானில் உருவாகி 2006இல் நின்டெண்டோ டிஎஸ் கருவியில் வந்த 'குக்கிங் மாமா' வேறு வகை. காய் நறுக்குவது, தோல் உரிப்பது, கிளறுவது என ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சிறு விளையாட்டு. எழுதுகோல் போன்ற குச்சியால் திரையில் கோடிழுத்தால் காய் துண்டாகும். வட்டம் போட்டால் மாவு கலக்கும். வேலை கெட்டுப்போனால், சொல்லித்தரும் அம்மாவான 'மாமா'வின் கண்ணில் நெருப்புப் பறக்கும், ஆனாலும் தானே சரிசெய்து தருவதாகச் சொல்லி அடுத்த படிக்கு அழைத்துப் போவார். முடிவில் பதக்கம். எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு மனத்தில் பதிய 6 முதல் 9 வயதுக்கு இந்தப் பாணி நன்றாகப் பொருந்தும். பின்னாளில் செல்போனுக்கும் இதன் வடிவங்கள் வந்தன.

இரண்டு பரபரப்புகள்

லித்துவேனியாவின் நார்ட்கரன்ட் 2014இல் கொண்டுவந்த 'குக்கிங் ஃபீவர்', பிரிட்டனின் கோஸ்ட் டவுன் கேம்ஸ் 2016இல் கொண்டுவந்த 'ஓவர்குக்டு' இரண்டுமே நேரத்தோடு மோதும் விளையாட்டுகள். இரண்டின் இயல்பு மட்டும் நேரெதிர்.

முதலாவதில் குழந்தை தனியாகக் கடை நடத்துகிறது. தாமதமானால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார், வருமானம் போகும். நல்ல அடுப்பும் சாமானும் வாங்க நாணயமும் ரத்தினமும் வேண்டும். அவற்றை நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம். தோற்கும்போதெல்லாம் பணம் கண்ணில் படும்படி அமைந்த விளையாட்டைச் சின்னப் பிள்ளையிடம் தனியாகக் கொடுப்பது சரியல்ல.

'ஓவர்குக்டு'வில் நான்கு பேர்வரை ஒரே அடுப்படியில் நிற்கலாம். ஒருவர் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க, ஒருவர் தட்டுக் கழுவ வேண்டும். மறந்துவிட்டால் பாத்திரம் தீப்பிடிக்கும். யாராவது ஓடிப்போய் அணைக்க வேண்டும். இங்கே தவறு எல்லோருக்கும் பொது, பேசிப் பேசித்தான் தீர்க்க முடியும். 2017இல் பாஃப்டா விருதுகளில் குடும்ப விளையாட்டுக்கான பரிசை இது வென்றதில் வியப்பில்லை. வேகம் அதிகமாகப்பட்டால், இரண்டு பாகங்களையும் சேர்த்து வந்த 'ஆல் யூ கேன் ஈட்' பதிப்பில் நேரத்தைக் கூட்டித்தரும் உதவி வசதி உண்டு. கன்சோலோ கணினியோ தேவை என்பதுதான் செலவு.

நம் வீட்டு இட்லி

கனடாவின் விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' தமிழ்க் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டிய விளையாட்டு. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை இது. அவளிடம் இருக்கும் சமையல் புத்தகத்தில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. விடுபட்டதை யோசித்து நிரப்பினால்தான் இட்லியும் புட்டும் வரும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பதே அங்கு ஒரு புதிர். தவறினால் மறுபடி முயலலாம், தண்டனை இல்லை. 2024இல் 'முதல் படைப்பு' பிரிவில் பாஃப்டா பெற்றது. கதையில் துயரமான கட்டங்கள் வருவதால் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பெற்றோரும் உட்கார்ந்து விளையாடுவது நல்லது.

நிறுவும் முன்

செயலியின் பக்கத்தில் விளம்பரம் உண்டா, உள்ளே பணம் கேட்குமா என்ற குறிப்பு இருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி போனை அமைத்துவிட வேண்டும். பெற்றோர் அனுமதியில்லாமல் குழந்தைகள் செய்த வாங்கல்களுக்காக ஆப்பிள் நிறுவனம் 2014இல் அமெரிக்காவில் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித்தர ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இது அரிதாக நடக்கும் விபத்து அல்ல.

எந்த வயதுக்கு எது?

3 முதல் 5 வயதுவரை மரச் சொப்பு சாமானே முதல் தேர்வு. திரை வேண்டுமென்றால் 'டோக்கா கிச்சன் 2'. 6 முதல் 9 வரை 'குக்கிங் மாமா' பாணி. அண்ணன் தங்கை சேர்ந்து விளையாட 'ஓவர்குக்டு'. கதை கேட்கும் பிள்ளைக்கு 'வெண்பா'. 8 வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தும் கன்சோல் வாங்கும் எண்ணமில்லாத வீட்டுக்கு 'சுஷி கோ' சீட்டுக்கட்டு இருக்கிறது: ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளும் ஆட்டம், 2 முதல் 5 பேர் ஆடலாம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.